விவரமெல்லாம் மேலே போகிறது. துறைக்கு என்ன திரும்பி வருகிறது?

மாற்றுச் சான்றிதழ் பதிவேட்டில் ‘விலகும் காரணம்’ என்று ஒரு கட்டம் உண்டு. படித்து முடித்துப் போகிறவர்களுக்குப் ‘படிப்பு நிறைவு’ என்று எழுதுவோம். நடுவில் போகிறவர்களுக்குப் ‘பெற்றோர் விருப்பம்’, இல்லையென்றால் ‘சொந்தக் காரணம்’. திருவள்ளூர் மாவட்டத்து அரசுக் கல்லூரி ஒன்றில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள் நான். அந்தக் கட்டத்தை நிரப்பி நிரப்பியே எனக்கு ஒரு கருத்து ஊறிவிட்டது. கல்லூரித் துறைகளைச் சீர்படுத்த வேண்டிய விவரம் வெளியே எங்கும் இல்லை; கல்லூரி அலுவலகத்துப் பீரோக்களில்தான் கிடக்கிறது. அதை எடுத்துப் பார்த்து, அலசி, துறைத் தலைவரிடம் “இதுதான் நடக்கிறது” என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

மூன்றாம் ஆண்டு பி.எஸ்சி. படிக்கும் பெண் ஒருத்தி கவுன்டருக்கு வந்து நிற்பாள்.

“மேடம், டி.சி. வாங்கணும்.”

“ஏம்மா, இன்னும் ஒரு செமஸ்டர்தானே?”

“ஸ்ரீசிட்டியில வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க மேடம். ஹாஸ்டல், பஸ் எல்லாம் அவங்களே தர்றாங்க. எனக்கு அரியர் நாலு இருக்கு. எப்படியும் க்ளியர் பண்ண முடியாது.”

பின்னால் அவள் அம்மா, கையில் ஜெராக்ஸ் கட்டோடு நின்றுகொண்டிருப்பார். விண்ணப்பத்தில் துறைத் தலைவர் கையெழுத்து, நூலகம் ‘பாக்கி இல்லை’, ஆய்வகம் ‘பாக்கி இல்லை’ என எல்லா முத்திரையும் விழுந்திருக்கும். எந்தத் தாளில் அரியர், எந்த செமஸ்டரிலிருந்து, எந்த வேலை அவளை இழுத்தது என்று கேட்கும் முத்திரை மட்டும் கிடையாது. துறைக்கு வேண்டிய சேதி அவ்வளவும் அவள் வாயிலிருந்து கவுன்டரில் விழுந்து, கவுன்டரோடேயே போய்விடும்.

என்னைப்போல் பெரியபாளையத்தில் குடியிருப்பவர்களுக்கு இந்த வேலை இழுப்பை விளக்க வேண்டியதில்லை. இங்கிருந்து ஆரணி வழியாகப் புதுவாயல் போய் நெடுஞ்சாலையைப் பிடித்தால், வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட். ஆந்திர எல்லையைத் தாண்டினால் ஸ்ரீசிட்டி. இன்னொரு பக்கம் தேர்வாய்கண்டிகை சிப்காட். விடிவதற்குள் கம்பெனி பஸ்கள் சாலையோரம் நின்று ஆள் ஏற்றும். அதே இடத்தில் கொஞ்ச நேரம் கழித்துக் கல்லூரிப் பிள்ளைகள் அரசுப் பேருந்துக்குக் காத்திருப்பார்கள். முதல் பஸ்ஸில் ஏறினால் மாதம் பிறந்ததும் சம்பளம். இரண்டாவது பஸ்ஸில் ஏறினால் மூன்று வருடம் கழித்து ஒரு பட்டம். இந்தக் கணக்கைப் போடாத பிள்ளை இந்தப் பக்கத்தில் குறைவு. ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டு நேரே காலை வகுப்புக்கு வந்து கடைசி பெஞ்சில் தூங்குகிறவனும் உண்டு. அவன் ஏன் தூங்குகிறான் என்று அவன் துறைக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

ஆடி மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பவானியம்மன் கோயிலுக்கு ஆடி ஞாயிறு தொடங்கி வாரக்கணக்கில் கூட்டம் வரும். சனிக்கிழமை ராத்திரியே வேனும் டிராக்டருமாக வந்து இறங்குவார்கள். வேப்பிலை, தேங்காய், பொங்கல் பானை, வளையல் என்று இந்த ஊரில் பாதிக் குடும்பத்துக்கு அதுதான் வருடத்துப் பிழைப்பு. வேப்பிலைக் கட்டுகளை அவிழ்த்து வேப்பஞ்சேலை கட்டிக்கொடுக்கும் கைகளில் கல்லூரிப் பெண்களின் கைகளும் உண்டு. திங்கட்கிழமை காலையில் அவர்கள் வகுப்புக்கு வர மாட்டார்கள். முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வைச் சில துறைகள் மிகச் சரியாக அந்தத் திங்கட்கிழமைகளில்தான் வைக்கும். பிறகு ‘வருகை 75 விழுக்காட்டுக்குக் குறைவு’ என்று பட்டியல் வரும். வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்ள ‘காண்டொனேஷன்’ கட்டணம் வரும். தேர்வைப் புதன்கிழமைக்குத் தள்ளினால் தீர்ந்துபோகிற சங்கதி இது. வருகைப் பதிவேட்டையும் நாட்காட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருவர் பார்த்திருந்தால் போதும்.

கல்லூரிகளில் விவரம் சேகரிப்பதே இல்லை என்று சொன்னால் அது பொய். சேகரித்து மாளவில்லை. அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு 2010-11-லிருந்து வருடா வருடம் கேட்கிறது. கல்லூரிகளுக்குத் தரச் சான்று கொடுக்க பெங்களூருவில் 1994-ல் தொடங்கப்பட்ட நாக் அமைப்பு, ஏழு அளவுகோல்களின் கீழ்த் தன்னாய்வு அறிக்கை கேட்கிறது. உள்தர உறுதிப் பிரிவு ஆண்டறிக்கை கேட்கிறது. 2016-லிருந்து என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்குத் தனிப் படிவம். மாநில அரசின் யுமிஸ் தளத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் எண். இதுபோக பல்கலைக்கழகம், கல்லூரிக் கல்வி இயக்ககம், உதவித்தொகைக்காக ஆதிதிராவிடர் நலத் துறை, பிற்படுத்தப்பட்டோர் நலத் துறை என ஆளாளுக்கு ஒரு படிவம், ஆளாளுக்கு ஒரு கடைசித் தேதி. கடைசித் தேதி அன்று சர்வர் படுத்துக்கொள்ளும். நாங்கள் ராத்திரி உட்கார்ந்து ஏற்றுவோம்.

இத்தனையும் மேலே போகிறது. கீழே திரும்பி வருவது நாக் தரும் ஓர் எழுத்தும் சில பிளஸ் குறிகளும். அந்த எழுத்துகூடக் கல்லூரிக்கு மொத்தமாகத்தான், துறைக்கு அல்ல. வேதியியல் துறையில் என்ன கோளாறு, வணிகவியலில் என்ன சிறப்பு என்று அந்த எழுத்து சொல்லாது. மாணவன் வாழ்வது துறைக்குள். அவன் தேறுவதும் தோற்பதும் அங்கேதான்.

சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 2023-ல் நாக் ஏ++ கொடுத்தது. சில மாதம் கழித்து, 2024 தொடக்கத்தில், 424 கோடி ரூபாய் வரிப் பாக்கி என்று சொல்லி வருமான வரித் துறை அதன் வங்கிக் கணக்குகளை முடக்கியது. சம்பளமும் ஓய்வூதியமும் வருமா என்று ஆசிரியர்களும் ஓய்வூதியர்களும் போராட வேண்டியிருந்தது. மிக உயர்ந்த தரச் சான்றும் முடங்கிய வங்கிக் கணக்கும் ஒரே நிறுவனத்தில் அடுத்தடுத்து இருக்க முடியும் என்றால், அந்தச் சான்று எதைப் பார்க்கிறது? ஆந்திராவில் குண்டூர்ப் பக்கத்து நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு ஏ++ கொடுக்க லஞ்சம் என்ற புகாரில், நாக் ஆய்வுக் குழுவினரையே 2025 பிப்ரவரியில் சி.பி.ஐ. கைது செய்தது. இதை வைத்து எல்லாரையும் குற்றம் சொல்லக் கூடாது. ஆனால் ஒரு விவரத்துக்குப் பரிசோ தண்டனையோ காத்திருக்கிறது என்றால், அந்த விவரம் நேராக இருக்காது என்பது அலுவலகத்தில் உட்கார்ந்த யாருக்கும் தெரியும்.

எப்போதும் இப்படித்தான் இருந்தது என்றும் சொல்வதற்கில்லை. துறையைத் துறையாகப் பார்த்துத் தூக்கிவிட்ட காலம் இதே சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்திருக்கிறது. ஏ. லட்சுமணசாமி முதலியார் துணைவேந்தராக இருந்தபோது, 1952-ல், ஜி.என். ராமச்சந்திரன் என்ற முப்பது வயது இளைஞரை அழைத்து வந்து இயற்பியல் துறையை ஒப்படைத்தார். துறைக்கு என்ன கருவி வேண்டும், என்ன நூல் வேண்டும் என்று அவரைக் கேட்டுச் செய்தார்கள். பக்கத்து வளாகத்து மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் கொலாஜன் மாதிரி கொடுத்தது. 1954-ல் ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜனின் அமைப்பைப் பற்றி எழுதிய கட்டுரை உலகம் முழுக்கப் பேசப்பட்டது. பிறகு 1963-ல் பல்கலைக்கழக மானியக் குழு உயர் ஆய்வு மையம் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. நல்ல துறைகளைத் தேர்ந்தெடுத்து அந்தந்தத் துறையின் பெயரிலேயே உதவி போயிற்று. சென்னையில் படிகவியல், தாவரவியல், தத்துவம் என்று பல துறைகள் அந்தத் தகுதி பெற்றன. கேட்டது துறை, கொடுத்ததும் துறைக்கு.

அது ஆய்வுக்கான உதவி. உச்சியில் இருந்த துறைகளுக்கான உதவி. நான் கேட்பது அதற்கு நேர் கீழே, பொன்னேரியிலும் திருத்தணியிலும் இருக்கும் துறைகளுக்கு. அவற்றுக்கு எக்ஸ்ரே கருவி வேண்டாம். தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ள ஓர் ஏற்பாடு வேண்டும்.

அப்படி ஓர் ஏற்பாடு தானாக முளைத்ததையும் நான் பார்த்திருக்கிறேன். எங்கள் கல்லூரியில் புள்ளியியல் ஆசிரியர் ஒருவர் இருந்தார். வேதியியல் முதலாண்டில் துணைப்பாடமான கணிதத்தில் பிள்ளைகள் கொத்துக்கொத்தாகத் தோற்றுக்கொண்டிருந்தார்கள். துறைக் கூட்டத்தில் வழக்கமான பேச்சு: “பசங்களுக்கு அடிப்படையே இல்ல சார், தமிழ் மீடியம்.” இவர் மட்டும் அலுவலகத்துக்கு வந்து, “மேடம், சேர்க்கைப் பதிவேட்டைக் கொஞ்சம் கொடுங்க” என்று கேட்டார். நானும் அவரும் சேர்க்கைப் பதிவேட்டையும் மதிப்பெண் பட்டியலையும் வைத்துக்கொண்டு பெயர் பெயராக ஒட்டிப் பார்த்தோம். தமிழ் மீடியம், இங்கிலீஷ் மீடியம் என்று பெரிய வித்தியாசம் தெரியவில்லை. தோற்றவர்களில் பெரும்பாலோர் கடைசிக் கட்டக் கலந்தாய்வில் வந்து சேர்ந்தவர்கள். அவர்கள் உள்ளே நுழைந்தபோது முதல் அலகு முடிந்து இரண்டாவது போய்க்கொண்டிருந்தது. யாரும் அவர்களுக்கு முதல் அலகை நடத்தவே இல்லை.

துறைத் தலைவர் நல்ல மனிதர். தாமதமாகச் சேர்ந்தவர்களுக்கு மட்டும் கடைசி மணி நேரத்தில் முதல் அலகைத் திரும்ப நடத்த ஏற்பாடு செய்தார். அடுத்த முடிவு வந்தபோது அந்தத் தாளின் அரியர் பட்டியல் கண்ணுக்குத் தெரியும்படி சுருங்கியது. பிறகு நடந்ததுதான் வழக்கமான கதை. புள்ளியியல் ஆசிரியருக்குப் பொது மாறுதல் கலந்தாய்வில் சொந்த ஊர்ப் பக்கம் இடம் கிடைத்தது, போய்விட்டார். துறைத் தலைவர் ஓய்வு பெற்றார். வகுப்பு நின்றது, பட்டியல் மறுபடி நீண்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், நாக் வருகைக்கு முன்னால் ‘சிறந்த நடைமுறைகள்’ இரண்டைச் சொல்ல வேண்டும் என்றபோது, நின்றுபோன அந்த வகுப்பைத்தான் எழுதினார்கள். அட்சரேகை, தீர்க்கரேகையோடு புகைப்படமும் சேர்ந்தது.

இதனால்தான் நல்ல ஆசிரியர் ஒருவரின் ஆர்வத்தை நம்பி இதை விடக் கூடாது என்கிறேன். ஆள் மாறினாலும் நிற்கிற ஏற்பாடாக அது இருக்க வேண்டும்.

அப்படி ஏற்பாடு செய்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் அட்லாண்டா நகரில் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் என்று ஒன்று. ஏழை வீட்டுப் பிள்ளைகளும் கறுப்பின மாணவர்களும் அதிகம் படிக்கும் அரசுப் பல்கலைக்கழகம். 2003-ம் ஆண்டுக் கணக்குப்படி, அங்கே சேர்ந்தவர்களில் ஆறு வருடத்துக்குள் பட்டம் வாங்கியவர்கள் 32 விழுக்காடுதான். அவர்கள் தங்கள் பதிவேடுகளையே கிளறினார்கள். பட்டத்துக்கு ஒன்றிரண்டு பருவமே பாக்கி இருந்தும், சில நூறு டாலர் கட்டணம் கட்ட முடியாமல் ஒவ்வொரு பருவமும் நிறையப் பேர் பெயர் நீக்கப்படுவது தெரிந்தது. 2011-லிருந்து அப்படிப்பட்டவர்களின் கணக்கில் பல்கலைக்கழகமே அந்தச் சிறு தொகையைப் போட்டது. எந்தத் தாளில் சறுக்கினால் எந்தத் துறையில் பட்டம் நழுவுகிறது என்று பழைய மதிப்பெண்களை வைத்துக் கண்டுபிடித்தார்கள். சறுக்கிய உடனே கூப்பிட்டுப் பேச வழிகாட்டிகளைக் கூடுதலாக வேலைக்கு எடுத்தார்கள். 2014-ல் அந்த 32, 54 ஆனது. விவரத்தைப் பார்த்ததோடு நிற்காமல், பேசுவதற்கு ஆள் போட்டதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். பூண்டிக்குப் போனால் போதும். அங்கே நீர்த்தேக்கத்தை ஒட்டிப் பொதுப்பணித் துறை 1940-களில் தொடங்கிய நீரியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அணையோ தடுப்போ கட்டுவதற்கு முன்னால் அதைச் சின்ன மாதிரியாகக் கட்டி, தண்ணீரை விட்டு, எங்கே அரிக்கிறது, எங்கே மண் சேர்கிறது என்று பார்ப்பார்கள். பார்த்துவிட்டு வரைபடத்தை மாற்றுவார்கள். கல்லூரியிலோ இரண்டாவது ஷிப்ட் வந்தது, புதிய பாடத்திட்டம் வந்தது, 2022-ல் ‘நான் முதல்வன்’ திறன் படிப்புகள் வந்தன. நல்ல நோக்கத்தோடு வந்தவைதான். எந்தத் துறையில் எது எடுபட்டது, எங்கே அரித்தது என்று பார்க்க ஒரு பூண்டி நமக்கு இல்லை.

தமிழ்நாட்டுக்கு இது முடியாத காரியமும் அல்ல. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தும் கல்லூரிக்குப் போகாத பிள்ளைகளைப் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் விவரத்தை வைத்தே கண்டுபிடித்து, ‘உயர்வுக்குப் படி’ முகாம்களுக்குக் கூப்பிட்டு, விண்ணப்பம் போட வைத்தவர்கள் நாம். உயர்கல்விச் சேர்க்கையில் 2021-22 கணக்குப்படி தமிழ்நாடு 47 விழுக்காடு, இந்தியா 28.4. வாசலுக்குள் கொண்டுவந்துவிட்டோம். வந்தவர்கள் எத்தனை பேர், எந்தத் துறையில், பட்டத்தோடு வெளியே போகிறார்கள்? அந்தக் கணக்கைப் போடுவதற்கான விவரமும் கையில்தான் இருக்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் கல்லூரியில் படிக்கும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் போகிறது. அந்தப் பெண் படிப்பைத் தொடர்கிறாரா என்று கல்லூரிதான் உறுதி சொல்ல வேண்டும். ஒரு பெண்ணின் பெயர் அந்தப் பட்டியலிலிருந்து உதிர்கிறது என்றால் அது பணப் பட்டுவாடா சங்கதியோடு முடிகிற விஷயமா? அவள் துறைக்கு அன்றைக்கே சேதி போக வேண்டும்.

நான் கேட்பது பெரிய கட்டடமோ புதிய இயக்குநரகமோ அல்ல. ஒவ்வோர் அரசுக் கல்லூரியிலும் ஓர் ஆய்வு மேசை. புள்ளியியலோ பொருளியலோ தெரிந்த நிரந்தர ஆசிரியர் ஒருவருக்கு, வாரத்துக்கு 16 மணி நேர வகுப்பில் ஆறு மணி நேரத்தைக் குறைத்து அந்த வேலையைக் கொடுங்கள். பதிவேடு தெரிந்த அலுவலக ஊழியர் ஒருவரைத் துணைக்கு வையுங்கள். சொற்ப மதிப்பூதியத்துக்கு எல்லா வேலையும் செய்யும் கௌரவ விரிவுரையாளர் தலையில் இதையும் கட்டிவிடாதீர்கள். துறை கேட்கிற கேள்விக்கு மேசை பதில் தேட வேண்டும். மேசை தானாகத் துறையைத் துருவக் கூடாது. யுமிஸில் ஏற்றிய விவரம் அந்தந்தத் துறைக்குப் படிக்கிற வடிவில் திரும்பி வர வேண்டும். இந்த மேசைகளுக்குப் பயிற்சி கொடுக்கவும், சந்தேகம் தீர்க்கவும், ஓரிடத்தில் கண்டதை இன்னோரிடத்துக்குச் சொல்லவும் மாநில உயர்கல்வி மன்றத்தில் ஒரு சிறு குழு போதும். அடையாற்றில் மால்கம் ஆதிசேசய்யா 1971-ல் தொடங்கிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகப் புள்ளியியல் துறை இருக்கிறது. அவர்களைக் கேட்டால் வழி சொல்லிக்கொடுப்பார்கள்.

ஒரே ஒரு நிபந்தனை. மேசை கண்டுபிடிப்பது துறையின் சம்மதம் இல்லாமல் வெளியே போகக் கூடாது. மெமோவுக்கும் மாறுதலுக்கும் தரவரிசைக்கும் அது பயன்படாது என்று அரசாணையிலேயே எழுத வேண்டும். மாணவர் பெயரும் வெளியே போகக் கூடாது. இந்த உறுதி இல்லையென்றால், முதல் வருடத்திலேயே எல்லாத் துறையிலும் எல்லாரும் பாஸ் என்று பேப்பர் வந்துவிடும்.

“முதல்ல வாத்தியாரைப் போடச் சொல்லுங்கம்மா, அப்புறம் ஆய்வு பண்ணலாம்” என்று பழைய சகா ஒருவர் என்னிடம் சண்டைக்கு வந்தார். நியாயமான கோபம். 2024 மார்ச்சில் 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடத்துக்கு அறிவிப்பு வந்தது. அந்த ஆகஸ்டில் நடக்க வேண்டிய தேர்வு தள்ளிப்போனது. இடங்களை நிரப்பாமல் மேசை போட்டுப் பயனில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எந்தத் துறையில் ஆள் இல்லாததால் எத்தனை பிள்ளைகள் எந்தத் தாளில் விழுந்தார்கள் என்று கணக்கோடு கேட்டால், நிதித் துறைக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். வெறுமனே ‘பணியிடம் காலி’ என்றால் அவர்களுக்கு அது இன்னொரு ஃபைல்.

ஆகவே இதை நான் அரசிடம் மட்டும் கேட்கவில்லை. ஆசிரியர் சங்கங்களையும் கேட்கிறேன். ஊதியம், பணி மேம்பாடு, காலிப் பணியிடம் என்று நீளும் உங்கள் கோரிக்கைப் பட்டியலில் இதையும் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அரசு தானாகக் கொண்டுவந்தால் இது இன்னொரு படிவமாகவும் இன்னொரு கண்காணிப்பாகவும்தான் வந்து சேரும். நீங்களே கேட்டு வாங்கினால், என்ன கேள்வி கேட்பது என்பதைத் துறை முடிவு செய்யும். பதிலும் முதலில் துறையின் கைக்கே வரும்.